தொண்டை அரிக்காத ரோரோ: சேம்பு இலையும் தேங்காய்ப்பாலும்

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இதுதான்: நியூசிலாந்தின் ஆக்லாந்தில் ஒரு பிஜி நண்பர் வீட்டில், சேம்பு இலையைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்த ‘ரோரோ’ சாப்பிட்டீர்கள். வெண்ணெய் போல இறங்கியது. ஊருக்கு வந்ததும் கொல்லையில் வளர்ந்திருந்த சேம்பு இலையைப் பறித்து, இணையத்தில் பார்த்த குறிப்பின்படி கால் மணி நேரத்தில் சமைத்து முடித்தீர்கள். தொண்டை அரித்தது, நாக்கு தடித்தது. தேங்காய்ப்பாலும் திரிந்து, எண்ணெய் ஒரு பக்கமும் திப்பி ஒரு பக்கமுமாக நின்றது. எங்கே தவறு?

ரோரோவில் இருக்கும் பொருள்கள் இரண்டே. இலை, பால். உப்பும் வெங்காயமும் கணக்கில் வராது. இலைக்கு நீண்ட நேரம் நெருப்பு வேண்டும். பாலுக்கு நெருப்பு அதிகம் ஆகாது. இரண்டையும் ஒரே நேரத்தில் ஒரே பானையில் போட்டுக் கால் மணியில் இறக்கினால், இலை வேகாமலும் பால் வெந்து கெட்டும் போகும். உங்கள் வீட்டில் நடந்தது அதுதான். பிஜியின் தலைநகரான சுவாவில் நான்கு ஆண்டுகள் வேலை பார்த்த காலத்தில் எனக்கும் முதல் இரண்டு முறை இதுவே நடந்தது. பிறகு பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் போய் நின்றேன். அங்கே பாட்டியை ‘புபு’ என்று கூப்பிடுவார்கள். உறவு இல்லாவிட்டாலும் வயதில் மூத்தவர் என்றால் புபுதான். கீழே எழுதியிருப்பதில் பெரும்பகுதி அவருடைய அடுப்படியில் நின்று பார்த்துக் கற்றது.

முதலில் இலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கொல்லையில் வளர்ந்தது எந்தச் சேம்பு என்று நீங்கள் எழுதவில்லை. என் முதல் சந்தேகமே அங்கேதான். பிஜியில் ‘டாலோ’ என்று சொல்வது நாம் சேப்பங்கிழங்கு என்று வாங்கும் அதே செடியின் இனம். அவர்களுடைய கிழங்கு மட்டும் பெரியது, ஒரே கிழங்காக ஒரு தேங்காய் அளவுக்கு வரும். இந்தச் செடியின் இலையைக் கண்டுகொள்ள ஒரு வழி உண்டு. காம்பு இலையின் பிளவில் போய்ச் சேராது. சற்று உள்ளே தள்ளி, இலையின் முதுகில் சேர்ந்திருக்கும். இலையின் முகப்பில் அந்த இடத்தில் ஒரு புள்ளி தெரியும். நுனி தரையைப் பார்த்துத் தொங்கும். காம்பு சரியாகப் பிளவிலேயே வந்து சேர்ந்தால் அது வேறு சேம்பு. அதிலும் உண்ணத் தகுந்த வகை இருக்கிறது, பிஜியில் அதை ‘டாலோ நி தானா’ என்பார்கள், அதன் இளம் இலையையும் சமைக்கிறார்கள். ஆனால் அழகுக்காகத் தொட்டியில் வளர்க்கிறார்களே, பளபளப்பான தடித்த இலை, நுனி வானத்தைப் பார்த்து நிற்கும், அந்த யானைக்காது வகையை வாயில் வைக்கவே கூடாது. வாய்க்கால் ஓரத்திலும் சாக்கடை ஓரத்திலும் தானாக முளைக்கும் காட்டுச் சேம்பு, பார்வைக்கு நல்ல சேம்பு மாதிரியே இருந்தாலும் அரிப்பு மிக அதிகம். கிழங்குக்காக யாராவது நட்டு வளர்த்த செடியின் இலைதான் நமக்கு வேண்டும். சந்தேகம் இருந்தால் சமைக்காதீர்கள்.

சுவா நகராட்சிச் சந்தையில் இந்த இலையைக் கட்டுக் கட்டாகக் கட்டி அடுக்கியிருப்பார்கள். காய்களை எடை போடுவதில்லை, குவியல் வைத்துக் குவியலுக்கு ஒரு விலை. புபு கட்டைத் தூக்கிப் பார்க்கும் முன் விரலால் ஒரு காம்பை ஒடித்துப் பார்ப்பார். சட்டென்று ஒடிந்தால் வாங்குவார். நார் இழுத்தால் நகர்ந்துவிடுவார். இன்னும் முழுதாக விரியாத சுருள் இலையும், விரிந்து ஓரிரு நாள் ஆன இலையும்தான் சரியானவை. உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கலாம். முறம் அளவுக்கு வளர்ந்த இலை வேகவே வேகாது.

இந்தச் செடிக்கு அங்கே எவ்வளவு மதிப்பு என்பதற்கு ஒரு செய்தி. 1993இல் இன்னொரு பசிபிக் தீவு நாடான சமோவாவில் சேம்பு இலைக் கருகல் நோய் பரவியது. நீரோடு பரவும் பூஞ்சை போன்ற ஒரு நுண்ணுயிர் இலையை அழுகச் செய்து, பிறகு கிழங்கையே விளையவிடாமல் செய்தது. சமோவாவின் டாலோ ஏற்றுமதி அந்த ஓர் அடியில் சரிந்தது. நியூசிலாந்தில் இருக்கும் பசிபிக் தீவு மக்களுக்குக் கிழங்கு அனுப்பும் இடத்தைப் பிஜி, குறிப்பாக அதன் தவெயுனி தீவு, பிடித்துக்கொண்டது. அங்கே அதிகம் நடப்படுவது ‘தவுசாலா’ என்ற, உள்ளே இளஞ்சிவப்புச் சாயல் ஓடும் வகை. ஆக்லாந்தில் நீங்கள் சாப்பிட்ட ரோரோவுக்குப் பக்கத்தில் அவித்து வைத்திருந்த கிழங்கு பெரும்பாலும் தவெயுனிக் கிழங்காக இருந்திருக்கும்.

சரி, அரிப்பு ஏன் வருகிறது? சேம்பின் இலை, தண்டு, கிழங்கு எல்லாவற்றிலும் கால்சியம் ஆக்சலேட் என்ற உப்பு, கண்ணுக்குத் தெரியாத ஊசிகளாகக் கட்டுக் கட்டாக இருக்கிறது. பச்சை இலையைக் கடித்தால் இந்த ஊசிகள் நாக்கிலும் தொண்டையிலும் குத்துகின்றன. கூடவே இலையில் இருக்கும் ஒருவகைப் புரதம் அந்தக் குத்துக் காயத்தில் எரிச்சலைக் கிளப்புகிறது. ஊசி நீரில் கரைவதில்லை, கொதிநீரிலும் கரைவதில்லை. புரதமோ வெப்பத்தில் அழியும். அதற்கு நேரம் வேண்டும். இதனால்தான் கால் மணியில் வெந்ததுபோல் தெரியும் இலை தொண்டையைப் பிடிக்கிறது, முக்கால் மணி வெந்த அதே இலை ஒன்றும் செய்வதில்லை. கீரை என்றால் ஐந்து நிமிடம் என்று நம் கைக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. முளைக்கீரைக்கு அது சரி. இதைக் கீரை என்று நினைக்காதீர்கள். கருணைக்கிழங்கு என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

இனிச் செய்முறை. நான்கு பேருக்கு இளம் இலை 25 முதல் 30, காம்பும் நடுநரம்பும் நீக்கிய பிறகு அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக நிற்கும். நன்றாக முற்றிய தேங்காய் இரண்டு. ஒரு பெரிய வெங்காயம், பச்சை மிளகாய் ஒன்றோ இரண்டோ, உப்பு. பூண்டு போடுகிறவர்கள் உண்டு. புபு போடமாட்டார், நானும் போடுவதில்லை.

கைக்கு எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள், அல்லது கையுறை போடுங்கள். இலையைக் கழுவி, நீரை உதறி, துணியில் போட்டு ஈரத்தை ஒற்றியெடுத்த பிறகு கையாண்டால் தோலில் அரிப்பு குறைவாக இருக்கும். இலையைக் கவிழ்த்துப் போட்டு, காம்பைப் பிடித்து நுனிவரை இழுத்தால் நடுநரம்பின் தோலும் காம்பும் சேர்ந்து வரும். தடித்த பக்க நரம்புகளைக் கத்தியால் சீவுங்கள். காம்பு சேரும் இடத்தில் முகப்பில் ஒரு புள்ளி இருக்கும் என்றேனே, அந்த இடத்தைக் கிள்ளி எறிந்துவிடுவார்கள். அரிப்பு அங்கேதான் குடியிருக்கிறது என்பது அவர்கள் நம்பிக்கை. நரம்புகள் கூடும் இடம் என்பதால் அது தடிப்பாக இருக்கும், கடைசியில்தான் வேகும். ஆகவே நம்பிக்கையில் நியாயம் இருக்கிறது. இலையைப் பொடியாக நறுக்க வேண்டாம், கையால் பெரிது பெரிதாகக் கிழித்தால் போதும். வெந்த பிறகு அது தானாகவே கரையும்.

பெரிய பாத்திரத்தில் இரண்டரை லிட்டர் தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது இலையை அமுக்கிப் போடுங்கள். பச்சைத் தண்ணீரில் இலையைப் போட்டுச் சூடேற்றுவது கூடாது. மூடியைத் திறந்தே வையுங்கள். மேலே மிதக்கும் இலையைக் கரண்டியின் முதுகால் அவ்வப்போது அமுக்கிவிடலாம், கிளறக் கூடாது. பிஜிப் பெண்களிடம் இது கிட்டத்தட்ட ஒரு விரதம் மாதிரி. ரோரோ பாதி வேகும்போது கரண்டி போட்டுக் கிளறினால் அரிக்கும் என்று எல்லா வீட்டிலும் சொல்வார்கள். நான் இதை வெறும் நம்பிக்கை என்று ஒதுக்கவில்லை. அரைவேக்காட்டு இலையைக் கடைந்தால் அது பிசைந்து மசிந்து, வெந்துவிட்டது போல ஒரு தோற்றம் வந்துவிடும். பார்ப்பவர் ஏமாந்து அடுப்பை அணைத்துவிடுவார். கிளறாமல் விட்டால் இலை தானாக உடையும்வரை காத்திருந்தாக வேண்டும். அதுதான் வெந்ததற்கு அடையாளம்.

இளம் இலைக்கு அரை மணி, சற்று முற்றியதற்கு முக்கால் மணி. நேரத்தைவிட இலையை நம்புங்கள். இரு விரல்களுக்கு நடுவே வைத்துத் தேய்த்தால் நரம்பு தட்டுப்படாமல் களிம்பு போல ஆக வேண்டும். பிறகு ஒரு சிட்டிகை எடுத்து வாயில் வைத்து விழுங்கி, இரண்டு நிமிடம் பொறுங்கள். அரிப்பு உடனே வராது, சற்றுத் தாமதித்துத்தான் வரும். தொண்டையில் லேசாக ஏதாவது தெரிந்தால் இன்னும் பத்து நிமிடம் வேகட்டும். தெரியவில்லை என்றால் தண்ணீரை முழுவதும் வடித்துக் கொட்டிவிடுங்கள். சத்துப் போகிறதே என்று வீட்டில் யாராவது தடுப்பார்கள். ஊசியாக இல்லாமல் நீரில் கரைந்த நிலையிலும் ஆக்சலேட் இலையில் இருக்கிறது, அதில் ஒரு பகுதி இந்தத் தண்ணீரோடு வெளியேறுகிறது. அந்தத் தண்ணீரில் ரசம் வைக்க நினைக்காதீர்கள்.

குக்கரில் வைக்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். வைக்கலாம். விசில் வந்த பிறகு குறைந்த தீயில் 15 நிமிடம் விட்டால் போதும், ஆனால் தண்ணீர் தாராளமாக ஊற்றி, பிறகு வடிக்க வேண்டும். ருசியில் பெரிய வேறுபாடு இல்லை. நிறம் மட்டும் கொஞ்சம் பழுப்பேறும்.

இப்போது பால். பிஜி மொழியில் தேங்காய்ப்பாலுக்கு ‘லோலோ’ என்று பெயர். நம் வீட்டுத் துருவுபலகை போலவே அங்கும் பலகையில் உட்கார்ந்து, முன்னே நீட்டிக்கொண்டிருக்கும் பல்லில் தேங்காய் மூடியை வைத்துத் துருவுகிறார்கள். பிழிவதற்கு அந்தக் காலத்தில் துணி கிடையாது. ‘வவு’ என்ற கடற்கரை மரம் ஒன்று இருக்கிறது, பூவரசம்பூ போல மஞ்சள் பூ பூக்கும். அதன் உட்பட்டை நாரைக் கற்றையாக எடுத்து, துருவலை அதில் சுருட்டி முறுக்கிப் பிழிவார்கள். இன்றும் கிராமத்தில் விருந்து என்றால் நார்க்கற்றை வெளியே வருகிறது. உங்களுக்கு மல் துணி போதும்.

இரண்டு தேங்காயின் துருவலில் ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீர் ஊற்றிக் கையால் நன்றாகப் பிசைந்து பிழிந்தால் முதல் பால். மிக்சியில் அரைத்தால் பால் அதிகம் கிடைக்கும், உண்மைதான். ஆனால் மிக்சி சூடாகும்வரை ஓட்டாதீர்கள். அதே துருவலில் இன்னொரு டம்ளர் நீர் விட்டு எடுத்தால் இரண்டாம் பால். சொதி வைக்கிற வீட்டில் வளர்ந்தவருக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அங்கே என்ன விதியோ இங்கேயும் அதே விதி: இரண்டாம் பாலில் வேக்காடு, முதல் பால் கடைசியில்.

திரிவதன் காரணமும் ஒன்றுதான். தேங்காய்ப்பால் என்பது நீரில் மிதக்கும் எண்ணெய்த் துளிகள். அந்தத் துளிகளைப் பிரித்து வைத்திருப்பது தேங்காயில் இருக்கும் கொஞ்சம் புரதம். சூடு 80 டிகிரியை நெருங்கும்போது அந்தப் புரதம் கட்டிதட்ட ஆரம்பிக்கிறது. கொதித்துக் குமிழி விட்டால் துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து எண்ணெயாக மேலே ஏறிவிடும். புளிப்பும் இதைத் துரிதப்படுத்தும். டின்னில் வரும் தேங்காய்ப்பால் அவ்வளவு சீக்கிரம் திரியாது, ஏனென்றால் பெரும்பாலானவற்றில் அதற்கென்று பசைப்பொருள் சேர்த்திருப்பார்கள். நீங்கள் ஆக்லாந்தில் சாப்பிட்டது டின் பாலில் செய்ததாக இருக்க வாய்ப்பு அதிகம், அதனால்தான் அவ்வளவு வழவழப்பு. டின் வாங்கினால் அட்டையைப் பாருங்கள். சர்வதேச உணவுத் தர விதிப்படி தேங்காய்ப்பால் என்று எழுத 10 சதவீதக் கொழுப்பு போதும், தேங்காய்க் கிரீம் என்று எழுத 20 சதவீதம் வேண்டும். ரோரோவுக்குக் கிரீம்தான் சரி.

வடித்த இலையை மீண்டும் பாத்திரத்தில் போட்டு, நறுக்கிய வெங்காயமும் கீறிய மிளகாயும் இரண்டாம் பாலும் சேர்த்து மிதமான தீயில் ஏழெட்டு நிமிடம் வையுங்கள். இப்போது கிளறலாம். தடை நீங்கிவிட்டது. இலை பாலைக் குடித்து, மசித்த பருப்புக்கும் கூட்டுக்கும் இடைப்பட்ட பதத்துக்கு வரும். தீயைச் சிறிதாக்கி, முதல் பாலை ஊற்றி, உப்பைப் போட்டு, ஒரே திசையில் மெதுவாகக் கிளறுங்கள். ஓரத்தில் முதல் குமிழி எழும்போது அடுப்பை அணைத்துவிடுங்கள். அதற்குமேல் ஒரு நிமிடம்கூட வேண்டாம். பாத்திரத்தின் சூடே மிச்ச வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

இத்துடன் முடிந்தது. இங்கேதான் நம் கை சும்மா இருக்காது. கடுகு, உளுந்து, கறிவேப்பிலை தாளித்துக் கொட்டினால் என்ன என்று தோன்றும். எனக்கும் தோன்றியது, செய்தேன். புபு ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, “நன்றாக இருக்கிறது, இது என்ன?” என்று கேட்டார். தாளித்தால் கெட்டுப்போகாது, ஆனால் ரோரோ காணாமல் போய்விடும். இலையின் மண் வாசனையும் லோலோவின் இனிப்பும் மட்டும் நாக்கில் நிற்க வேண்டும். முதல் முறை தாளிக்காமல் சாப்பிட்டுப் பாருங்கள். மேசையில் ஒரு எலுமிச்சைத் துண்டு வைத்துக்கொண்டு, வேண்டியவர் தட்டில் பிழிந்துகொள்ளலாம்.

எதோடு சாப்பிடுவது? பிஜிச் சாப்பாட்டில் இரண்டு பிரிவு உண்டு. டாலோ, வள்ளிக்கிழங்கு, மரவள்ளி போன்ற கிழங்குகள் ‘ககானா தினா’, அதாவது மெய்யான உணவு. அதற்குத் தொட்டுக்கொள்ளும் மீன், கீரை எல்லாம் ‘இ தோய்’. சோறும் குழம்பும் போலத்தான். ‘தோய்’ என்ற ஒலி தமிழ்க் காதில் வேறு மாதிரி விழுகிறது, ஆனால் அது வெறும் தற்செயல். நாம் சோற்றில் பிசைந்து சாப்பிட்டாலும் நன்றாகவே இருக்கும். இருந்தாலும் அவித்த மரவள்ளித் துண்டை ரோரோவில் அமுக்கி எடுத்து ஒருமுறை சாப்பிட்டுவிட்டு, பிறகு சோற்றுக்குப் போங்கள்.

தற்செயல் என்றதும் இன்னொன்று. இதே இலையையும் இதே பாலையும் பொட்டலமாகக் கட்டிச் சமைப்பதற்குப் ‘பலுசாமி’ என்று பெயர். சுவாவில் ஒரு சாப்பாட்டுக் கடைப் பலகையில் இதைப் பார்த்தபோது கடை முதலாளியின் பெயர் என்றுதான் நினைத்தேன். திருநெல்வேலிப் பக்கத்துப் பாலுசாமி யாரோ கடல் தாண்டி வந்து கடை போட்டிருக்கிறார் என்று உள்ளே போய் விசாரிக்க இருந்தேன். சொல் சமோவாவிலிருந்து வந்தது, எந்தச் சாமிக்கும் அதில் பங்கில்லை.

பலுசாமி ரோரோவைவிட விருந்துத் தன்மை கொண்டது. நான்கைந்து இலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக, பெரியது அடியில் இருக்கும்படி உள்ளங்கையில் குழித்துப் பிடித்து, நடுவில் வெங்காயம், தக்காளி, மிளகாய், உப்பு வைத்து, கெட்டி லோலோவைக் கால் டம்ளர் ஊற்றி, இலையின் விளிம்புகளைக் கூட்டி மூடுகிறார்கள். டின்னில் வரும் உப்பிட்ட மாட்டிறைச்சியை உள்ளே வைப்பது அங்கே வெகு சாதாரணம், அதனால் சைவம் சாப்பிடுபவர்கள் பிஜிக்குப் போனால் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். இந்தப் பொட்டலம் ‘லோவோ’வுக்குள் போகும். லோவோ என்பது மண்ணடுப்பு. தரையில் குழி தோண்டி, விறகை எரித்து, அதில் கருங்கற்களைப் பழுக்கக் காய்ச்சி, எரியாத கொள்ளிகளை வெளியே இழுத்துவிட்டு, கல்மேல் பச்சை மட்டைகளைப் பரப்பி, கிழங்கும் மீனும் கோழியும் பலுசாமியும் அடுக்கி, வாழை இலையும் ஈரச் சாக்கும் போர்த்தி, மேலே மண்ணைக் கொட்டி மூடிவிடுவார்கள். இரண்டு மணி, இரண்டரை மணி நேரம் கழித்துத் தோண்டி எடுக்கும்போது வரும் புகை வாசனை வீட்டு அடுப்பில் வராது. அதற்காக முயலாமல் இருக்க வேண்டியதில்லை.

வாழை இலையைத் தணலில் வாட்டி, அதில் பொட்டலத்தை வைத்து நாரால் கட்டி, இட்லிக் கொப்பரையில் ஒன்றரை மணி நேரம் ஆவியில் வேகவையுங்கள். இடையில் தண்ணீர் தீராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இவ்வளவு நேரம் எதற்கு என்றால், இங்கே இலையை முன்கூட்டி வேகவைத்துத் தண்ணீரை வடிக்கவில்லை. பயமாக இருந்தால் இலைகளைக் கொதிநீரில் பத்து நிமிடம் போட்டு எடுத்துக் கட்டலாம். இலை கிழியும், இரண்டு கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று கவனித்தீர்களா? இத்தனை நேரம் லோலோ கொதிக்கிறது, கட்டாயம் திரியும். திரியட்டும். பொட்டலத்துக்குள் திரிந்து, இலையின் மடிப்பில் சீம்பால் போல இறுகி நிற்பதுதான் பலுசாமியின் அழகு. ரோரோவில் குற்றம், பலுசாமியில் குணம்.

பிஜி இந்தியர் வீடுகளில் இதே இலை வேறு வழியில் போயிருக்கிறது. 1879இல் லியோனிடாஸ் கப்பலில் தொடங்கி 1916 வரை ஏறத்தாழ 60,000 பேர் கரும்புத் தோட்ட ஒப்பந்தக் கூலிகளாகப் பிஜிக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். 1903இலிருந்து சென்னையிலிருந்தும் கப்பல்கள் போயின. அவற்றில் போன தமிழரும் தெலுங்கரும் மலையாளிகளும் சுமார் 15,000 பேர். சேம்பு அவர்களுக்குப் புதிய செடி அல்ல, தேங்காயும் அல்ல. அந்த மண்ணில் கண் திறந்து பார்த்தபோது ஊரில் விட்டுவந்த இரண்டு பொருள்கள் அங்கேயும் நின்றிருந்தன. இன்று அந்த வீடுகளில் பூண்டும் சீரகமும் மிளகாயும் தாளித்து, வெந்த ரோரோவைப் போட்டு, லோலோ ஊற்றிச் செய்வார்கள், ரொட்டியோடு சாப்பிடுவார்கள். சில வீடுகளில் ஒரு நெல்லிக்காய் அளவு புளியும் கரைத்து விடுவார்கள். புளிப்பு அரிப்பை அடக்கும் என்பது சேம்பு சமைக்கும் எல்லா இந்தியச் சமையலறைக்கும் தெரிந்த பாடம். புளி சேர்ப்பதாக இருந்தால் இலை வேகும்போது சேருங்கள், பாலோடு வேண்டாம். பருப்பு மாவைப் பூசி இலையைச் சுருட்டி, வேகவைத்து வறுக்கும் ‘சைனா’ என்ற பண்டமும் அவர்களிடம் உண்டு. அது வட இந்தியக் கூலிகளோடு வந்தது, தேங்காய் அதில் இல்லை என்பதால் இங்கே விட்டுவிடுகிறேன். நாந்தி ஊரில் சிவசுப்பிரமணிய சுவாமி கோயில் கோபுரத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்து சந்தைக்குள் நுழைந்தால், ஒரே இலைக்கட்டைப் பிஜிப் பெண் ஒருவரும் தமிழ் வழி வந்த பெண் ஒருவரும் பேரம் பேசுவதைப் பார்க்கலாம். பேசும் மொழி பிஜி ஹிந்தியாக இருக்கும்.

சேம்பு இலையே கிடைக்கவில்லை, அல்லது பட்ட அனுபவத்தால் இனித் தொடவே பயம் என்றால், லோலோவில் வேகவைக்கப் பிஜியில் வேறு காய்களும் உண்டு. ‘பெலே’ என்று ஒரு கீரை, வெண்டைக்கு நெருங்கிய உறவு, வெந்தால் கொழகொழப்பாகும், ஐந்து நிமிடம் போதும், அரிப்பும் கிடையாது. ‘ஒத்தா’ என்பது ஓடைக்கரையில் முளைக்கும் ஒருவகைப் பெரணியின் சுருள் தளிர். அதைக் கொதிநீரில் ஓரிரு நிமிடம் முக்கி எடுத்து, சமைக்காத லோலோவில் வெங்காயம், மிளகாய், எலுமிச்சைச் சாறு, உப்பு கலந்த ‘மித்தி’யில் புரட்டிக் குளிர்ச்சியாகச் சாப்பிடுவார்கள். காட்டுப் பெரணி எல்லாம் உண்ணத் தகுந்ததல்ல, ஆகவே இதைக் கொல்லையில் தேட வேண்டாம். ‘துருக்கா’ என்று ஒன்று, கரும்பின் இனத்துப் புல் ஒன்றின் விரியாத பூங்கதிர். ஏப்ரல், மே மாதங்களில் மட்டும் சந்தைக்கு வரும். சோளக்கதிர் போல உறையை உரித்தால் உள்ளே மஞ்சள் மணிகள். அதன் ருசியை எதோடும் ஒப்பிடத் தெரியவில்லை, லோலோவில் போட்டால் இரண்டு தட்டு காலியாகும். நம் ஊரில் கிடைப்பதில் பசலைக்கீரை ஓரளவு ரோரோவின் வழவழப்பைத் தரும். தண்டுக்கீரையும் பரவாயில்லை. நேரம் மட்டும் ஐந்து நிமிடமாகச் சுருங்கிவிடும், பாலுக்கான விதி மாறாது.

உடம்பைப் பற்றி இரண்டு வரி. இந்த இலையின் கரும்பச்சையில் இருக்கும் பீட்டா கரோட்டின், உடலில் விட்டமின் ஏ ஆக மாறும் சத்து, கொழுப்போடு சேர்ந்தால்தான் நன்றாக உறிஞ்சப்படும். இலையும் லோலோவும் ஒரே பாத்திரத்தில் வந்து சேர்ந்ததால் அந்த வேலையும் நடந்துவிடுகிறது. சிறுநீரகக் கல் உள்ளவர்கள், முன்பு வந்து போனவர்கள், இதைத் தவிர்ப்பது நல்லது. தண்ணீரை வடித்தாலும் ஆக்சலேட் முழுவதும் போய்விடாது. சிறு குழந்தைக்குக் கொடுப்பதாக இருந்தால் முதலில் நீங்கள் சாப்பிட்டு அரை மணி கழித்துக் கொடுங்கள். ஒருவேளை மீண்டும் தொண்டை அரித்தால் பதற வேண்டாம், குளிர்ந்த பாலோ தயிரோ குடித்தால் எரிச்சல் தணியும். வீக்கம் வந்தாலோ மூச்சு விடச் சிரமமாக இருந்தாலோ வீட்டு வைத்தியம் செய்துகொண்டு உட்காராமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

மிஞ்சியதை வெளியே வைக்காதீர்கள். தேங்காய்ப்பால் சேர்ந்த எதுவும் நம் வெயிலில் சில மணி நேரத்தில் புளித்துவிடும். ஆறியதும் குளிர்பெட்டியில் வைத்தால் மறுநாள் கெட்டியாக உறைந்திருக்கும். அதைக் கொதிக்கவைக்காமல், கொஞ்சம் வெந்நீர் தெளித்துச் சிறு தீயில் இளக்குங்கள். மறுநாள் ரோரோவைத்தான் புபு தனக்கென்று எடுத்து வைத்துக்கொள்வார். எனக்குக் கொடுத்ததில்லை.